வார இரவுச் சாப்பாடும் குளூட்டன் இல்லாத சமையலும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மகளுக்கு சீலியாக் நோய், அதாவது கோதுமை போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஆகாத நோய், என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு இரவுச் சாப்பாட்டை எழுதி வைத்துத்தான் சமைக்கிறேன். இது தெரிந்ததும் உறவுகள், நண்பர்கள், மகளுடன் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள். ஒரே பதிலைப் பலருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, அதனால் நோய் சம்பந்தமான இடங்களில் மருத்துவரிடம் போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

வாரம் முழுக்க என்ன சமைக்கிறதுன்னு திட்டம் போடணும். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

சமையல் குறிப்புகளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பெரும்பாலான திட்டங்கள் அங்கேதான் கெட்டுப்போகின்றன. முதலில் ஒரு தாளில் ஏழு நாளையும் எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் அன்று மாலை வீட்டில் என்ன நடக்கும் என்று எழுதுங்கள். யார் தாமதமாக வருவார்கள், எந்த நாளில் பிள்ளைக்கு வகுப்பு, எந்த நாளில் நீங்களே களைத்துப்போய் வருவீர்கள் என்பதையெல்லாம் எழுதினால், வாரத்தில் உண்மையில் நின்று சமைக்க முடிகிற நாட்கள் மூன்றோ நான்கோதான் என்பது தெரிந்துவிடும்.

அந்த நாட்களுக்கு மட்டும் முழுச் சமையலைப் போடுங்கள். மிச்சத்தில் ஒரு நாள் முந்தைய சமையலின் மீதி, ஒரு நாள் இருபது நிமிடத்தில் முடிகிற ஏதாவது, ஒரு நாள் வெறும் கட்டம். அந்த வெறும் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிடுங்கள், அதன் பயன் கடைசிக் கேள்வியில் வரும். இதெல்லாம் முடிந்த பிறகு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, சீக்கிரம் வாடக்கூடிய காய் எது என்று பார்த்து, அதை வாரத்தின் முதல் இரண்டு நாளில் வைத்துவிட்டு, அப்புறம்தான் வாங்க வேண்டியதை எழுத வேண்டும்.

ஏழு நாளும் ஏழு விதமா சமைக்கணுமா?

வேண்டாம். திங்கள் என்றால் பருப்பு, செவ்வாய் என்றால் மீன் அல்லது முட்டை, வெள்ளி என்றால் அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்வது என்று நாளுக்கு ஒரு வகையை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். வகை நிலையாக இருக்கட்டும், உள்ளே போகிற காய் வாரத்துக்கு வாரம் மாறட்டும். பிள்ளைகளுக்கு இன்று என்ன வரும் என்று தெரிந்திருப்பது பிடிக்கும். உங்களுக்கும் மாலை ஆறு மணிக்கு யோசிக்கிற வேலை மிச்சம்.

ஆரோக்கியமான சாப்பாடுன்னா என்ன கணக்கு? கலோரி எண்ணணுமா?

குடும்பச் சாப்பாட்டுக்கு அது தேவையில்லை. தட்டைப் பார்த்தால் போதும். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு தானியம் அல்லது கிழங்கு, கால் தட்டு புரதம், அதாவது பருப்பு, பயறு, முட்டை, மீன், இறைச்சி ஏதாவது ஒன்று. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக இருக்கும், தானியம் பாதித் தட்டை எடுத்துக்கொள்ளும், காய் ஓரத்தில் இரண்டு கரண்டி. வேறு எதையும் மாற்றாமல் இந்த அளவை மட்டும் மாற்றினாலே நிறைய மாறும்.

எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால், பெரியவர்கள் நாளுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும், உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த ஒரு தேக்கரண்டிக்குள் சாஸ், ஊறுகாய், பாக்கெட் தின்பண்டங்களில் இருக்கும் உப்பும் அடக்கம்.

குளூட்டன்னா என்ன? எதில எல்லாம் இருக்கு?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். ரொட்டி மாவைப் பிசையும்போது இழுபட்டு வருகிறதே, அந்த இழுவைத் தன்மை இதனால்தான். மைதா, ரவை, சேமியா, சாதாரண பாஸ்தா, கூஸ்கூஸ், உடைத்த கோதுமை எல்லாம் கோதுமையின் வேறு வேறு உருவங்கள். பெயர் மாறுவதால் ஏமாந்துவிடக் கூடாது.

இல்லாதவற்றின் பட்டியல் இதைவிடப் பெரியது: அரிசி, மக்காச்சோளம், சோளம், கம்பு, தினை போன்ற சிறுதானியங்கள், கினோவா, உருளைக்கிழங்கு, எல்லாக் கிழங்குகளும், பருப்பும் பயறும், முட்டை, மீன், இறைச்சி, பால், தயிர், காய், பழம், கொட்டைகள். இந்தப் பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள், விலக்க வேண்டியவற்றின் பட்டியலை அல்ல. எங்கள் வீட்டில் முதல் மாதம் முழுக்க விலக்க வேண்டியதையே பார்த்துக்கொண்டிருந்தோம், சாப்பிடவே ஒன்றும் மிச்சமில்லை என்ற எண்ணம்தான் வந்தது. பட்டியலை மாற்றி ஒட்டியதும் மகளே அதைப் பார்த்து, இன்றைக்கு இது செய்யலாம், அது செய்யலாம் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

எங்க வீட்ல யாருக்கும் பிரச்சனை இல்ல. நாங்களும் குளூட்டனை விட்டா நல்லதா? உடம்பு இளைக்குமாமே?

பிரச்சனை இல்லாதவர்களுக்கு குளூட்டன் கெடுதல் செய்வதில்லை. விட்டதும் இளைத்தவர்களை விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் கேக், பிஸ்கட், பொரித்த தின்பண்டங்களையும் சேர்த்தே விட்டிருப்பார்கள். காரணமில்லாமல் முழுக் கோதுமையை நிறுத்தினால் அதிலிருந்து வருகிற நார்ச்சத்தைத்தான் இழப்பீர்கள்.

சாப்பிட்டா வயிறு உப்புசமா இருக்கு. ஒரு மாசம் கோதுமையை நிறுத்திப் பார்க்கட்டுமா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, குளூட்டன் சாப்பிடுவதால் அந்த நோய் உள்ளவர்களின் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. குளூட்டனை நிறுத்திவிட்டால் அது குறைந்துபோய், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். அப்புறம் சரியாகக் கண்டுபிடிக்க மறுபடியும் சில வாரங்கள் கோதுமை சாப்பிட வேண்டியிருக்கும். உடம்பு ஆறத் தொடங்கிய பிறகு அது பெரிய வேதனை.

மூன்று விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். சீலியாக் என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய். உலகில் சுமார் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது, வாழ்நாள் முழுக்க குளூட்டனை விடுவதுதான் வழி. கோதுமை ஒவ்வாமை வேறு, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்பு, மூச்சுத்திணறல் என்று வரலாம். இவை இரண்டும் இல்லாமல் குளூட்டன் சாப்பிட்டால் மட்டும் தொந்தரவு வருகிறவர்களும் உண்டு. மூன்றுக்கும் கவனிப்பு வேறு, சமையலறையில் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையும் வேறு. அதனால்தான் எது என்று தெரிந்தே ஆக வேண்டும்.

வீட்ல ஒருத்தருக்குத்தான் ஆகாது. தினமும் ரெண்டு சமையலா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். இரண்டு சமையல் வேண்டாம். ஒருவருக்காக மாற்றிச் சமைப்பதை விட்டுவிட்டு, எல்லோருக்கும் பொதுவான சட்டியிலேயே குளூட்டன் இல்லாமல் சமையுங்கள். மேலே சொன்ன 'இல்லாதவை' பட்டியலைப் பாருங்கள், அரிசியும் பருப்பும் இரண்டு காயும் இயல்பிலேயே குளூட்டன் இல்லாத சாப்பாடு. அதற்குத் தனிப் பெயரோ தனி மாவோ தேவையில்லை.

கோதுமை வேண்டும் என்கிறவர்களுக்கு அதைக் கடைசியில் பக்கத்தில் வையுங்கள். குழம்பும் காயும் எல்லோருக்கும் ஒன்று, ரொட்டி விரும்புகிறவர் தன் தட்டில் மட்டும் ரொட்டி எடுத்துக்கொள்வார். இதில் வேலை குறைவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மேசையில் ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிக் கிண்ணம் வருகிறபோது அது முகத்தைக் குனிந்துகொண்டு சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே சட்டியிலிருந்து எல்லோருக்கும் பரிமாறியபோது அதே பிள்ளை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது.

சரி, ஒரு வாரத்துக்கு உதாரணம் சொல்லுங்க.

திங்கள்: அரிசிச் சோறு, பருப்பு, கேரட்டும் பீன்ஸும் வதக்கியது. பருப்பை இரண்டு மடங்கு வேக வையுங்கள். செவ்வாய்: மீன், வேகவைத்த உருளைக்கிழங்கு, வெள்ளரியும் தக்காளியும் எலுமிச்சையும் சேர்த்த சாலட். மீன் சாப்பிடாதவர்கள் முட்டை வைத்துக்கொள்ளலாம். புதன் தாமதமாக வருகிற நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமைப் பருப்போடு ஒரு கட்டு கீரை, பூண்டு, தக்காளி போட்டுக் கொதிக்க விட்டால் கெட்டியான சூப் தயார்.

வியாழன்: ஒரே தட்டில் கோழி அல்லது கொண்டைக்கடலையை, பூசணி, குடைமிளகாய், வெங்காயத்தோடு எண்ணெய் தடவி ஓவனில் வைத்துவிடுவது. வெள்ளி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த நாள்: சோறு, வேகவைத்த பயறு, துருவிய கேரட், சோளமணி, தயிர், நறுக்கிய மல்லித்தழை என்று சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்துவிட்டால் அவரவர் விருப்பம்போல் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். சனி: அரிசி அல்லது மக்காச்சோளத்தில் செய்த பாஸ்தா, தக்காளிச் சாஸ், பக்கத்தில் நிறைய காய். ஞாயிறு வெறும் கட்டம், மிச்சமிருக்கிற காய்களை முட்டையோடு சேர்த்து ஆம்லெட் போடுவதே பெரும்பாலும் நடக்கும்.

ஒரே கரண்டி, ஒரே சட்டி பயன்படுத்தினா என்ன ஆகும்? துளிதானே?

சீலியாக் உள்ளவருக்கு அந்தத் துளியும் பிரச்சனைதான். ஒருநாள் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் இரண்டு சட்டி, ஒன்றில் பெரியவர்களுக்குக் கோதுமைப் பாஸ்தா, இன்னொன்றில் மகளுக்குக் காய்கறிச் சூப். பாஸ்தா கிளறிய கரண்டியை யோசிக்காமல் சூப்பில் விட்டு ஒரு சுற்று சுற்றிவிட்டேன். கரண்டியின் குழியில் மாவுத் தண்ணீர் வெள்ளையாகத் தேங்கியிருந்தது சூப்பில் கரைந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அன்றே எல்லாவற்றையும் கீழே ஊற்றியிருக்க வேண்டும், கொதிக்கிறதே, ஒன்றும் ஆகாது என்று விட்டுவிட்டேன். இரவு முழுக்க வயிற்றுவலி. கொதிக்க வைப்பதாலோ வறுப்பதாலோ குளூட்டன் போய்விடாது என்பதை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். சிலருக்கு வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே குடல் பாதிக்கப்படும், அதனால் 'சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லையே' என்பதையும் நம்பக் கூடாது.

அதிகம் கவனிக்க வேண்டியவை: பிரெட் டோஸ்டர், வடிதட்டு, கீறல் விழுந்த மரப்பலகை, மரக்கரண்டி. இவற்றை எவ்வளவு கழுவினாலும் இடுக்கில் மாவு தங்கும், தனியாக ஒன்று வாங்கி நிறம் வைத்துப் பிரித்துவிடுங்கள். எஃகுப் பாத்திரத்தைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். பிரெட்டில் தடவிய கத்தியை மறுபடி வெண்ணெய் டப்பாவிலோ ஜாம் பாட்டிலிலோ விடுவது, மைதாவில் புரட்டியதைப் பொரித்த எண்ணெயில் வேறு எதையாவது பொரிப்பது, இரண்டும் அடிக்கடி நடக்கிற தவறுகள். அலமாரியில் குளூட்டன் இல்லாத மாவு எப்போதும் மேல் தட்டில் இருக்கட்டும், கோதுமை மாவு மேலிருந்து கொட்டினால் கீழே இருப்பதெல்லாம் போச்சு.

பாக்கெட்ல 'கோதுமை இல்லை'ன்னு போட்டிருக்கு. போதும்தானே?

போதாது. கோதுமை இல்லாமல் பார்லியோ ரையோ இருக்கலாம். 'குளூட்டன் இல்லாதது' என்று தெளிவாக இருக்க வேண்டும். அப்படிப் போடுவதற்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராம்.

பொருட்களின் பட்டியலில் 'மால்ட்' என்று இருந்தால் அது பெரும்பாலும் பார்லி. சாதாரண சோயா சாஸில் கோதுமை உண்டு, இது தெரியாமல்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சூப் தூள், சாஸ்களைக் கெட்டியாக்கச் சேர்க்கிற மாவு, அரைத்த மசாலாத் தூள், தொத்திறைச்சி, எல்லாவற்றிலும் பட்டியலைப் படியுங்கள். போன மாதம் வாங்கியதுதானே என்று விட்டுவிடாதீர்கள், தயாரிப்பில் சேர்ப்பதை மாற்றுவார்கள். பருப்பு, சிறுதானியங்களில் சில சமயம் கோதுமை மணி கலந்திருக்கும், தட்டில் பரப்பிப் பொறுக்கிவிட்டுக் கழுவுவது ஐந்து நிமிட வேலை.

ஓட்ஸ் சாப்பிடலாமா கூடாதா? ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஓட்ஸில் கோதுமை குளூட்டன் கிடையாது, ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது. அதனால் சாதாரண ஓட்ஸ் வேண்டாம், குளூட்டன் இல்லாதது என்று குறிக்கப்பட்டதுதான் சரி. அதிலும் அவெனின் என்றொரு புரதம் உண்டு, சீலியாக் உள்ள சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை. நோய் புதிதாகத் தெரிந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

குளூட்டன் இல்லாத பிரெட், பிஸ்கட் எல்லாம் வாங்கி வச்சுட்டேன். ஆரோக்கியமானதுதானே?

குளூட்டன் இல்லை என்பதற்கும் ஆரோக்கியம் என்பதற்கும் சம்பந்தமில்லை. மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு சேர்த்துத்தான் அந்தப் பக்குவத்தைக் கொண்டுவருகிறார்கள், நார்ச்சத்தும் புரதமும் பல சமயம் குறைவாகவே இருக்கும். பிறந்தநாளுக்கோ பயணத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள், தினசரிச் சாப்பாட்டை அதன்மேல் கட்டாதீர்கள்.

சீலியாக் உள்ளவர்களுக்கு இரும்பு, ஃபோலேட், பி12, கால்சியம் போன்றவை குறைந்திருப்பது சகஜம், அதனால் அவர்கள் தட்டில் கீரை, பயறு, முட்டை, மீன், தயிர் அடிக்கடி வர வேண்டும். தானியத்திலும் அரிசி மட்டுமே என்று நின்றுவிடாமல் சிறுதானியம், மக்காச்சோளம், கிழங்கு என்று மாற்றிக்கொண்டே இருங்கள்.

மைதா இல்லாம சாஸ் கெட்டியாகவே மாட்டேங்குது. அந்தப் பாஸ்தாவும் குழைஞ்சு போகுது.

சோளமாவு, அதாவது கார்ன்ஃப்ளோர், ஒரு தேக்கரண்டியைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கடைசியில் கொதிக்கும் சாஸில் ஊற்றிக் கிளறுங்கள், ஒரு நிமிடத்தில் கெட்டியாகும். சூடான சாஸில் நேராகத் தூவினால் கட்டி கட்டியாகத்தான் நிற்கும். பருப்பையோ வேகவைத்த உருளைக்கிழங்கையோ மசித்துச் சேர்ப்பது இன்னும் நல்லது, சத்தும் சேரும்.

குளூட்டன் இல்லாத பாஸ்தாவுக்குப் பெரிய சட்டி, நிறையத் தண்ணீர். போட்டதும் முதல் ஒன்றிரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், ஒட்டிக்கொள்வது அப்போதுதான். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். ஆறினால் விறைத்துப்போகும், அதனால் எல்லோரும் மேசைக்கு வந்த பிறகு வடியுங்கள்.

ஞாயித்துக்கிழமையே எல்லாத்தையும் சமைச்சு வச்சா எத்தனை நாள் தாங்கும்?

சமைத்த சாப்பாட்டை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். பெட்டி 4 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழேயோ இருந்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். அதனால் ஞாயிறு சமைத்ததை வெள்ளி வரை நீட்டாதீர்கள், புதனுக்குப் பிறகு வேண்டியதை அன்றே உறைய வைத்துவிடுங்கள். பெரிய சட்டியை அப்படியே வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும், தட்டையான சின்ன டப்பாக்களில் பிரியுங்கள். எடுத்துச் சூடாக்கும்போது ஆவி பறக்கிற அளவுக்கு, உள்ளே 74 டிகிரி வரை சூடாக வேண்டும்.

சோறு இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. அதில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துக்கள் கொதித்தாலும் சாவதில்லை, வெளியே வைத்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆற வைத்து உள்ளே வைத்து, அடுத்த நாளுக்குள் முடித்துவிடுங்கள். நான் முன்கூட்டிச் செய்வது பருப்பு, சாஸ், நறுக்கிய காய் மட்டும்தான். சோறு அன்றன்றைக்கு.

ஸ்லோ குக்கர்ல ராஜ்மாவைப் போட்டுட்டு வேலைக்குப் போயிடலாமா?

ஊறவைத்த பச்சை ராஜ்மாவை நேராகப் போடக் கூடாது. அதில் இருக்கும் லெக்டின் என்ற பொருள் கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும், ஸ்லோ குக்கரின் சூடு அதை அழிக்கப் போதாது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வைத்த பிறகு மாற்றுங்கள்.

எல்லாம் சரி, என் பையன் காயைத் தொடவே மாட்டேங்கிறானே?

என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவனிடம் விடுங்கள். புதுக் காயைப் பத்து, பதினைந்து தடவை பார்த்த பிறகே பல பிள்ளைகள் வாயில் வைக்கிறார்கள், மூன்றாம் தடவையில் 'அவனுக்குப் பிடிக்காது' என்று நாம்தான் முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு துண்டு மட்டும் தட்டில் இருக்கட்டும், அதைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள், பக்கத்தில் அவன் விரும்பிச் சாப்பிடுகிற ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மேலே சொன்ன வெள்ளிக்கிழமைக் கிண்ணங்கள் இதற்கு ரொம்ப உதவும், தானே எடுத்துப் போட்டதைப் பிள்ளைகள் ஒதுக்குவது குறைவு.

வெளியே விருந்துக்குக் கூப்பிட்டா எப்படிச் சமாளிக்கிறீங்க?

இரண்டு நாள் முன்பே போனில் பேசிவிடுவேன். 'குளூட்டன் ஆகாது' என்று மட்டும் சொன்னால் புரியாது, அதனால் கோதுமை, மைதா, ரவை, பார்லி கூடாது, கரண்டியும் தனியாக வேண்டும் என்று சொல்லி, நாங்களே ஒரு பெரிய பாத்திரத்தில் எல்லோருக்கும் ஆகிற மாதிரி ஒன்று கொண்டுவருகிறோம் என்பேன். மகளுக்கு மட்டும் டப்பா கட்டிக் கொண்டுபோவதில்லை. போனதும் அந்தப் பாத்திரத்திலிருந்து அவளுக்கு முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும், மற்றவர்கள் ரொட்டி தொட்ட கரண்டியை அதில் விடுவதற்கு முன்னால்.

திட்டம் போட்டாலும் புதன்கிழமையே சொதப்பிடுதே, என்ன பண்ண?

அதற்குத்தான் முதல் பதிலில் சொன்ன வெறும் கட்டம். புதன் சமைக்க முடியவில்லையென்றால் அந்தச் சமையலை ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்துக்குத் தள்ளிவிடுங்கள், வாங்கிய காயும் வீணாகாது. அன்றைய இரவுக்கு, அலமாரியிலும் உறைபெட்டியிலும் எப்போதும் இருக்கிற பொருட்களிலேயே ஆகிற ஒரு சாப்பாடு உங்களிடம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அரிசியும் பருப்பும் உறைய வைத்த பட்டாணியும் ஒன்றாகப் போட்டுக் குக்கரில் வேகவைத்தது, மேலே ஒரு முட்டை. குளூட்டன் இல்லை, தட்டுக் கணக்குக்குக் காய் கொஞ்சம் குறைவு, பக்கத்தில் ஒரு வெள்ளரிக்காயை நறுக்கி வைத்துவிடுவேன். அரை மணி நேரத்தில் எல்லோரும் சாப்பிட்டிருப்போம்.